பழைய பெட்ரோல் கார் மைலேஜ் தரலையா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதையெல்லாம் பாருங்க! பெரம்பலூர், அரியலூர் கார் உரிமையாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாருதி 800, ஆல்டோ, ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ. பெரம்பலூர், அரியலூர் பக்கம் டிஎன் 46, டிஎன் 61 நம்பர் பிளேட்டோடு இன்னமும் ஓடிக்கிட்டிருக்கிற பழைய சின்ன கார்கள் இவை. பல குடும்பங்களுக்கு முதல் கார். இப்போது அந்தக் குடும்பங்களில் அதிகம் கேட்கிற புலம்பல் ஒன்றுதான்: "முன்னாடி லிட்டருக்கு 16 கொடுத்துச்சு, இப்போ 12 கூட வரல."

காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "எல்லாம் எத்தனால் பெட்ரோல்தான்" என்பார் ஒருவர். "இன்ஜின் போச்சு, ரிங் மாத்தணும்" என்பார் இன்னொருவர். "வித்துட்டு வேற வாங்கு" என்பார் மூன்றாமவர். மூன்றுமே உண்மையாக இருக்கலாம், மூன்றுமே தப்பாகவும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. எங்கே தொடங்கி, எந்த வரிசையில் பார்த்தால் காசு வீணாகாது? விரிவாகப் பார்க்கலாம்.

மைலேஜ் குறைந்தால் எவ்வளவு நஷ்டம்?

ஒரு சின்ன கணக்கு. மாதம் 800 கி.மீ. ஓடுகிற கார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் 50 லிட்டர் போதும். 12 கி.மீ. கொடுத்தால் கிட்டத்தட்ட 67 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 17 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்றாலே மாதம் 1,700 ரூபாய், வருடத்துக்கு 20,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

பழைய காரின் மொத்த விலையே சில பத்தாயிரங்களாக இருக்கும்போது இது பெரிய தொகை. அதே நேரம், காரணம் தெரியாமல் இன்ஜின் வேலையில் இறங்கினாலும் இதைவிடப் பெரிய தொகை போய்விடும். அதனால்தான் வரிசை முக்கியம்.

முதல் வேலை: சரியாக அளப்பது

"500 ரூபாய்க்குப் போட்டேன், ரெண்டு நாள்ல முள்ளு இறங்கிடுச்சு." இப்படித்தான் பலரும் மைலேஜைக் கணிக்கிறார்கள். ஆனால் பழைய கார்களின் பெட்ரோல் முள் துல்லியமானது கிடையாது. மேட்டில் நின்றால் ஒன்று காட்டும், சமதளத்தில் வேறு காட்டும். சரியான வழி, டேங்க்கை நிரப்பி நிரப்பி அளப்பதுதான்.

* வழக்கமான பங்கில் டேங்க்கை நிரப்புங்கள். நாசில் தானாக நிற்கிற முதல் 'கட்'டோடு நிறுத்திவிடுங்கள்.
* ஓடோமீட்டர் எண்ணை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
* குறைந்தது 250 கி.மீ. ஓட்டுங்கள்.
* அதே பங்க், முடிந்தால் அதே நாசில். மறுபடியும் முதல் 'கட்' வரை நிரப்புங்கள்.
* ஓடிய தூரத்தை, இந்த இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுங்கள்.

உதாரணமாக, முதலில் ஓடோமீட்டர் 84,310. அடுத்த முறை நிரப்பும்போது 84,576. ஓடியது 266 கி.மீ. போட்டது 19 லிட்டர் என்றால், மைலேஜ் 14.

ஒரே தடவை அளந்து முடிவுக்கு வர வேண்டாம். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். முடிந்தால் ஒரு டேங்க்கை முழுக்க ஊருக்குள் ஓட்டியும், ஒரு டேங்க்கைப் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டியும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் மட்டும் மோசமாக இருந்து நெடுஞ்சாலையில் நன்றாகக் கொடுத்தால், ஓட்டும் சூழ்நிலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலுமே மோசம் என்றால் காரில் ஏதோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விஷயம். கார் விளம்பரத்தில் போட்டிருந்த மைலேஜோடு ஒப்பிடாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் எடுத்தது. உங்கள் காரே முன்பு எவ்வளவு கொடுத்தது என்பதுதான் சரியான ஒப்பீடு.

ஓடோமீட்டரே பொய் சொன்னால்?

இதுவும் நடக்கிறது. மாருதி 800 போன்ற பழைய கார்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் தேய்ந்து, முள் ஆடும். அவ்வப்போது ஓடாமலும் நின்றுவிடும். அப்போது கார் ஓடுகிறது, கி.மீ. ஏறாது. மைலேஜ் குறைந்தது போலத் தெரியும். 'பெருசா இருந்தா நல்லா இருக்கும்' என்று பெரிய சைஸ் டயர் மாற்றியிருந்தாலும் இதே கதைதான். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், ஓடோமீட்டர் பழைய கணக்கிலேயே குறைவாகக் காட்டும்.

சரிபார்ப்பது சுலபம். திருச்சி-சென்னை தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் வரிசையாக இருக்கிறது. பாடாலூர், சிறுவாச்சூர் பக்கம் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை 10 கல் எண்ணச் சொல்லுங்கள். ஓடோமீட்டரும் 10 கி.மீ. ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போன் மேப்பிலும் தூரத்தைப் பார்க்கலாம்.

பங்கில் அளவு சரியாக இருக்கிறதா?

சந்தேகம் இருந்தால் சண்டை போட வேண்டாம், சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்குகளில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்து அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடுதல் குறைவு அனுமதிக்கப்படுகிறது. அதைத் தாண்டினால் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் புகார் செய்யலாம்.

ஆனால் ஒன்று. 25 மில்லி என்பது அரை சதவீதம்தான். லிட்டருக்கு 16 கொடுத்த கார் 12-க்கு இறங்கியதற்கு அது விளக்கம் ஆகாது. வேறு பங்கில் இரண்டு முறை நிரப்பி அளந்தும் அதே எண் வந்தால், பங்கை விட்டுவிட்டு காரைப் பாருங்கள்.

எல்லாத்துக்கும் இ20 தான் காரணமா?

இந்தக் கேள்விக்கு 'கொஞ்சம் ஆமாம், மீதி இல்லை' என்பதுதான் பதில்.

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2022-ல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடங்கியது. 2025-ல் 20 சதவீத இலக்கையும் எட்டியதாக மத்திய அரசு அறிவித்தது. பழைய கார்களுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, சாதாரண பங்கில் இதுதான் கிடைக்கும்.

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதில் 20 சதவீதம் கலந்தால், மொத்தத்தில் 6 முதல் 7 சதவீதம் சக்தி குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதையேதான் சொன்னது: பழைய வகை நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 6-7 சதவீதம் குறையலாம். பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தில், இ20-க்கு ஏற்றபடி அமைக்கப்பட்ட கார்களில் 1-2 சதவீதம், மற்றவற்றில் 3-6 சதவீதம் என்றது.

இதை உங்கள் காருக்குப் போட்டுப் பாருங்கள். 16 கொடுத்த கார் 15 கொடுத்தால், எத்தனால் என்று சொல்லலாம். 16-லிருந்து 12-க்கு இறங்கினால் அது 25 சதவீத வீழ்ச்சி. அதில் எத்தனாலின் பங்கு ஒரு கி.மீ. மீதி மூன்று கி.மீ. எங்கே போகிறது என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். "எல்லாம் எத்தனால்" என்று விட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய அந்த மூன்றையும் சேர்த்துத்தான் விடுகிறோம்.

அதற்காக இ20 பழைய காருக்கு ஒன்றுமே செய்யாது என்றும் இல்லை. எத்தனால் ரப்பர் பாகங்களை நாளடைவில் பாதிக்கும். சில பழைய வாகனங்களில் 20,000-30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டை மாற்ற வேண்டி வரலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பெட்ரோல் ஹோஸில் வெடிப்பு, ஈரக்கசிவு, நிறுத்தியிருக்கும்போது பெட்ரோல் வாசனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மைலேஜ் அப்புறம்; தீப்பிடிக்கும் ஆபத்து. உடனே மாற்றியே ஆக வேண்டும்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும் கார்களில் இது பிரச்சினை. டேங்கில் தண்ணீர் சேர்ந்து வண்டி திக்கித் திக்கி ஓடும். அப்படிப்பட்ட காரைச் சும்மா ஸ்டார்ட் செய்து வைப்பதை விட, மாதம் இரண்டு தடவையாவது 10, 15 கி.மீ. ஓட்டி, புதுப் பெட்ரோல் போடுவது நல்லது.

கார் மாறலை, ஓட்டம் மாறியிருக்கா?

காரில் கோளாறு தேடும் முன், கடைசி ஒரு வருடத்தில் ஓட்டும் விதம் மாறியிருக்கிறதா என்று யோசியுங்கள்.

குறுகிய ஓட்டம்: வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 2 கி.மீ., கடைவீதி 1 கி.மீ. இப்படியே ஓடினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்குள் பயணமே முடிந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் அதிகப் பெட்ரோல் கேட்கும்.

ஏசி: 800 சிசி இன்ஜினுக்கு ஏசி என்பது முதுகில் மூட்டை. நம்ம ஊர் மே மாத வெயிலில், நின்று நின்று போகும் சின்னப் பயணங்களில் ஏசியின் இழுப்பு கூடுதலாகத் தெரியும். கடுமையான வெயிலில் ஏசியால் மட்டுமே 25 சதவீதத்துக்கு மேல் மைலேஜ் குறையலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல் தளம். ஜனவரியில் எடுத்த மைலேஜை மே மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

வேகம்: மணிக்கு 80 கி.மீ. தாண்டினால் காற்றின் எதிர்ப்பு வேகமாக ஏறும். நான்கு வழிச் சாலையில் சின்ன காரை 100-ல் அழுத்தினால் மைலேஜ் சரியத்தான் செய்யும்.

லாரிக்குப் பின்னால்: அரியலூர், கீழப்பழுவூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஊர்ந்து, இடம் கிடைத்ததும் ஒரே அழுத்தாக அழுத்தி முந்துவது பெட்ரோலை நன்றாகவே குடிக்கும். அதைத் தவிர்க்க முடியாது என்றால், அந்தப் பாதையில் 16 எதிர்பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

சுமை: சபரிமலைக்குப் போனபோது மாட்டிய மேல் கேரியர் இன்னும் இருக்கிறதா? டிக்கியில் உர மூட்டை, பழைய ஸ்டெப்னி, தண்ணீர் கேன்? இறக்கி வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

கார் சுலபமா உருளுதா?

இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தால் மைலேஜ் வராது. பழைய கார்களில் அதிகம் கவனிக்காமல் விடுவது இதுதான். சோதனைக்குச் செலவும் கிடையாது.

டயர் காற்று: டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் அல்லது கையேட்டில் எத்தனை பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். டயர் சூடாகும் முன், காலையில் பிடியுங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். 10 பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் 2 சதவீதம்; கூடவே டயரின் ஓரமும் தேயும்.

தள்ளிப் பாருங்கள்: சமமான இடத்தில் நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, ஒருவர் உள்ளே பிரேக்கில் காலை வைக்கத் தயாராக இருக்க, இன்னொருவர் தள்ளட்டும். 700, 800 கிலோ எடையுள்ள சின்ன கார் ஒருவர் தள்ளினாலே நகர வேண்டும். இரண்டு பேர் மூச்சு வாங்கினால் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

சூடு பாருங்கள்: பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் ரிம் அருகேயும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றை விடக் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. முன்பக்கம் என்றால் காலிபர் பின்னில் துருவும் தூசியும் சேர்ந்திருக்கும். பின்பக்கம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருக்கலாம் அல்லது லைனிங் ஒட்டியிருக்கலாம். சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

கிளட்ச்: நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மேம்பாலம் ஏறும்போது இது நன்றாகத் தெரியும்.

சிமெண்ட் தூசியும் ஏர் ஃபில்டரும்

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர் போனது. லாரி ஓடும் சாலைகளில் தூசி சர்வ சாதாரணம். அதனால் மைலேஜ் குறைந்தாலே "ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்பது இங்கே வழக்கமான பதில். இது எல்லா காருக்கும் பொருந்தாது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. கார்புரேட்டர் உள்ள பழைய காரில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் 2 முதல் 6 சதவீதம் கூடியது. ஆனால் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்களில், ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜில் பெரிய மாற்றம் இல்லை, புல்லிங்தான் குறைந்தது. காற்று குறைந்தால் அந்தக் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுவதுதான் காரணம்.

அப்போ எம்பிஎஃப்ஐ காருக்கு ஃபில்டர் மாற்ற வேண்டாமா? கண்டிப்பாக மாற்ற வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. ஃபில்டர் கிழிந்தாலோ, சரியாக உட்காரவில்லை என்றாலோ, சுண்ணாம்புத் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உரசித் தேய்க்கும். அப்புறம் உண்மையிலேயே இன்ஜின் வேலை வரும். பஞ்சர் கடையில் அதிக அழுத்தத்தில் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபில்டர் தாள் கிழிந்துபோவதும் உண்டு. வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தூசிச் சாலையில் தினமும் ஓடும் கார் என்றால், கையேட்டில் சொன்ன கி.மீ.க்கு முன்பே புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

ஸ்பார்க் பிளக் சொல்லும் ரகசியம்

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுலபமாகக் காட்டும் பாகம் ஸ்பார்க் பிளக். நன்றாக ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் மெக்கானிக்கைக் கழற்றச் சொல்லி நிறத்தைப் பாருங்கள்.

* இளம் பழுப்பு நிறம்: எரிப்பு சரியாக இருக்கிறது.
* கரி பூசியது போல உலர்ந்த கறுப்பு: பெட்ரோல் அளவுக்கு அதிகமாகப் போகிறது.
* எண்ணெய்ப் பிசுக்குள்ள கறுப்பு: இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. ரிங் அல்லது வால்வ் சீல் பிரச்சினை.
* வெளுத்துப்போன நிறம்: பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாகப் போகிறது.

மாருதி 800, ஆல்டோவின் 796 சிசி இன்ஜினில் மூன்றே சிலிண்டர்தான். ஒரு பிளக் விட்டு விட்டு அடித்தாலும் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். 'மிஸ்ஸிங்' இருந்தால் பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மூன்றையும் பாருங்கள். நிறுத்தி வைத்திருந்த கார் என்றால், எலி கடித்த வயரும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

உங்க கார் கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐயா?

இது தெரியாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. 1983-ல் வந்த மாருதி 800 பல ஆண்டுகள் கார்புரேட்டரில்தான் ஓடியது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் எம்பிஎஃப்ஐக்கு மாறியது. சான்ட்ரோ (1998), ஆல்டோ (2000) இரண்டும் தொடக்கத்திலிருந்தே எம்பிஎஃப்ஐ.

கார்புரேட்டர் கார் என்றால் சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம் சரியா, ஜெட் தேய்ந்திருக்கிறதா, ஸ்லோ ஸ்பீடு அதிகமாக வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்னிஷன் டைமிங், டேப்பெட் இடைவெளி இரண்டையும் சேர்த்துச் சரி செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். இந்த வேலை தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

எம்பிஎஃப்ஐ கார் என்றால் கதை வேறு. இங்கே பெட்ரோல் அளவை முடிவு செய்வது கம்ப்யூட்டர். அது சென்சார்கள் சொல்வதை நம்பித்தான் முடிவு எடுக்கும். சென்சார் தப்பாகச் சொன்னால் பெட்ரோலும் தப்பாகப் போகும். இதில் முக்கியக் குற்றவாளிகள் இரண்டு.

குற்றவாளி 1: கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன வால்வ். தண்ணீர் 80 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கும். இன்ஜின் சீக்கிரம் சூடேறி, அந்தச் சூட்டிலேயே நிற்க உதவும்.

எப்போதோ ஒரு வெயில் காலத்தில் கார் ஓவர்ஹீட் ஆகியிருக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று அதைக் கழற்றிவிட்டிருப்பார்கள். பழைய கார்களில் இது அடிக்கடி நடப்பது. ஓவர்ஹீட் நின்றிருக்கும், கூடவே மைலேஜும் போயிருக்கும். இன்ஜின் எப்போதும் ஆறிப்போயே ஓடும். கம்ப்யூட்டரோ "இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் காரிலும் குளிர்ந்த இன்ஜின் மைலேஜைக் கெடுக்கும்.

கண்டுபிடிக்க: 10, 15 கி.மீ. ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தாலோ, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது முள் கீழே இறங்கினாலோ, தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இது பெரிய விலையுள்ள பாகமே கிடையாது. ஆனால், மாற்றும் முன் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், கூலன்ட் மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஓவர்ஹீட் ஆனதற்கு அவைதான் காரணமாக இருந்திருக்கும்.

குற்றவாளி 2: ஆக்சிஜன் சென்சார்

சைலன்சர் குழாயில் இருக்கும் இந்த சென்சார், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வயதானால் மெதுவாகிவிடும் அல்லது செத்துவிடும். அப்போது பெட்ரோல் கூடுதலாகப் போகும். செயலிழந்த ஆக்சிஜன் சென்சாரைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட மேம்படலாம் என்கிறது அதே அமெரிக்க அரசுத் தளம். எல்லா காரிலும் அவ்வளவு வராது. ஆனால் 16-லிருந்து 12 போன்ற பெரிய வீழ்ச்சிக்கு இது முக்கியச் சந்தேகம்.

டேஷ்போர்டில் மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறதா? சாவியைத் திருப்பும்போது அது ஒரு தடவை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். 2010-க்குப் பின் வந்த பிஎஸ்-4 கார்களில் ஓபிடி வசதி இருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் சில நிமிடங்களில் கோளாறு எண்ணைப் படித்துவிடலாம். அதோடு, கூலன்ட் வெப்பநிலை எவ்வளவு காட்டுகிறது, 'ஃப்யூல் டிரிம்' எவ்வளவு என்றும் கேளுங்கள். டிரிம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நல்லது; கூட்டலிலோ கழித்தலிலோ 10-ஐத் தாண்டி நின்றால் பார்க்க வேண்டிய விஷயம். எண்ணைப் படிக்காமலே "சென்சார் போச்சு" என்று மாற்றச் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

புகைச் சான்றிதழைத் தூக்கிப் போடாதீங்க

எல்லோரும் போலீஸுக்குக் காட்ட மட்டுமே வாங்கி வைக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழில் இலவசத் தகவல் ஒன்று இருக்கிறது. அதில் கார்பன் மோனாக்சைடு சதவீதமும், ஹைட்ரோகார்பன் அளவும் அச்சாகியிருக்கும்.

பிஎஸ்-4 பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. பிஎஸ்-2, பிஎஸ்-3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். அதற்கும் முந்தைய கார்களுக்கு 3 சதவீதம், 1,500 பிபிஎம்.

கார்பன் மோனாக்சைடு அதிகம் என்றால், பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால், பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது. பிளக், வயர் பக்கம் பாருங்கள். இரண்டுமே குறைவாக இருந்து மைலேஜ் மட்டும் மோசம் என்றால், மறுபடி பிரேக், டயர், கிளட்ச் பக்கம் திரும்புங்கள். ஒரு நிபந்தனை: பரிசோதனை உண்மையிலேயே குழாயை சைலன்சரில் வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

'இன்ஜின் வேலை' எப்போது தேவை?

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, அதன் பிறகும் மைலேஜ் வரவில்லை என்றால்தான் இந்தப் பேச்சு. அறிகுறிகள்: சைலன்சரில் நீலப் புகை, ஆயில் அளவு சீக்கிரம் குறைவது, புல்லிங் இல்லாதது.

அப்போதும் நேராகப் பிரித்துவிடக் கூடாது. முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பிளக் இருக்கும் துளையில் மீட்டரை வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, அது நிறுவனம் சொன்ன அளவுக்குள் இருந்தால் இன்ஜினைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். எது என்று தெரிந்தால், முழு இன்ஜினையும் பிரிக்காமல் அந்தப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

செலவு செய்யலாமா, விட்டுடலாமா?

ஒரு எளிய கணக்கு: ரிப்பேர் செலவை, அதனால் மாதம் மிச்சமாகும் தொகையால் வகுங்கள். வருகிற எண், போட்ட காசு திரும்பி வர ஆகும் மாதங்கள்.

3,000 ரூபாய் செலவில் மாதம் 1,000 ரூபாய் மிச்சம் என்றால், மூன்றே மாதத்தில் காசு திரும்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். 30,000 ரூபாய் செலவில் மாதம் 500 ரூபாய் மிச்சம் என்றால் 60 மாதம், அதாவது ஐந்து வருடம். அதற்குள் உங்கள் ஆர்சி காலம் என்ன ஆகும் என்றும் பாருங்கள். சொந்தக் கார்களுக்கு ஆர்சி 15 ஆண்டு செல்லும். பிறகு ஆர்டிஓ ஆய்வோடு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 15 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 5,000 ரூபாய் என்றும், 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 10,000 ரூபாய் என்றும் மத்திய அரசு உயர்த்தியிருக்கிறது. பசுமை வரி தனி. இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுருக்கமா சொன்னா, இதுதான் வரிசை

1. மூன்று முறை டேங்க் நிரப்பி அளங்கள். ஓடோமீட்டரைச் சரிபாருங்கள்.
2. 6-7 சதவீதம் வரை எத்தனால் கணக்கில் கழியுங்கள். மீதியைத் தேடுங்கள்.
3. ஏசி, வேகம், சுமை, குறுகிய ஓட்டம் மாறியிருக்கிறதா?
4. டயர் காற்று, பிரேக் பிடிப்பு, கிளட்ச்.
5. பெட்ரோல் கசிவு, ஏர் ஃபில்டர், பிளக், வயர்.
6. டெம்பரேச்சர் முள், தெர்மோஸ்டாட்.
7. புகைச் சான்றிதழ் எண்கள். கார்புரேட்டர் டியூனிங் அல்லது ஸ்கேனர், ஆக்சிஜன் சென்சார்.
8. கடைசியாகத்தான் கம்ப்ரெஷன் டெஸ்ட். அதற்கும் பிறகுதான் இன்ஜின் வேலை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு, மறுபடி ஒரு டேங்க் அளந்து பாருங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதும் "மைலேஜ் வரல" என்று மட்டும் சொல்லாமல், "மூணு டேங்க் அளந்தேன், 12 வருது, இடது பின் சக்கரம் சூடாகுது, முள்ளு மேல ஏறல" என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக்குக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் பில் குறையும்.